ராகுகாலத்துப் பியர்

போன மாதம் என் மருமகன் என்னை ஒரு பியர்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடை என்று நான்தான் சொல்கிறேன். அவர் அதற்கு வேறு ஏதோ பெயர் சொன்னார். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கத்தில் பழைய தொழிற்சாலை ஒன்றின் செங்கல் சுவரை வெள்ளையடிக்காமல் விட்டு, உள்ளே பளபளவென்று பெரிய தாங்கிகளை நிறுத்தி, நடுவில் உட்கார நீள வாங்குகள் போட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற மாமனாருக்கு அவருடைய பழைய தொழிலை நினைவுபடுத்தலாம் என்று பிள்ளை நினைத்திருக்க வேண்டும். ஒரு சின்னக் கிளாஸை என் முன்னால் வைத்தார். ஒரு மிடறு குடித்தேன். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துவிட்டது.

"உதைக் கொண்டுபோய்ச் சிங்கில ஊத்தச் சொல்லும். ஈஸ்ட் போட முதல் ஆரோ மூடியைத் திறந்து வைச்சிட்டினம். புளிச்சுப் போச்சுது."

மருமகனின் முகம் கறுத்துவிட்டது. பரிமாறிய தாடிக்காரரோ, நான் சொன்னதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அது புளித்துப்போன பியர் இல்லையாம், புளிக்கவைத்த பியராம். வேண்டுமென்றே செய்கிறார்களாம். அந்தக் கடையில் அதுதான் பேர்போனதாம். எப்படிப் புளிக்க வைக்கிறார்கள் என்பதையும் குனிந்து என் காதோடு சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்து, மூக்கால் பியர் வந்து, மருமகன் என் முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது. "ஏன் மாமா சிரிச்சனீங்கள்?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார். காரில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் அஜின்கோர்ட் பக்கம், உடுப்புத் தோய்க்கிற கடை ஒன்றுக்கும் டோனட் கடை ஒன்றுக்கும் நடுவில், ஒரு பியர் காய்ச்சும் கடை இருந்தது. நான் ஊரில் கூட்டுறவுச் சங்கத்துக் கிளாக்கர். இங்கே வந்து கோப்பை கழுவினேன், பீட்சாப் பெட்டி மடித்தேன், ஒரு குளிர்காலம் முழுவதும் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு கூண்டுக்குள் இருந்து விறைத்தேன். பிறகு இந்தக் கடைக்குள் கழுவுகிற வேலைக்கு நுழைந்தவன், கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ச்சப் பழகி, கடைசியில் வாடிக்கையாளரின் குறை கேட்கிற ஆளாக ஓய்வுபெற்றேன். என் மனைவி சொந்தக்காரருக்கெல்லாம் நான் ஒரு "சாப்பாட்டுக் கொம்பனியில் குவாலிற்றி கொன்ட்ரோல்" என்று சொல்லிவைத்திருந்தாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் உடனே பிரசாதத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவாள்.

கடையின் முறை இதுதான். வாடிக்கையாளர் வருவார். எந்த மாதிரிப் பியர் வேண்டும் என்று தெரிவுசெய்வார். எங்கள் பானையில், முளைத்த பார்லியான எங்கள் மோல்ற்றையும் கசப்புக்கு ஹொப் பூவையும் போட்டு, அவரே காய்ச்சுவார், நாங்கள் பக்கத்தில் நின்று உதவுவோம். ஒரு மணித்தியாலம் கொதித்த கஷாயத்தை ஆறவைத்து மூடியுள்ள பெரிய வாளிக்குள் விட்டுக் கொடுப்போம். அதற்குள் ஈஸ்ட் போடவேண்டும். ஈஸ்ட் போட்டால்தான் கஷாயம் பியராகும். வாளி இரண்டு கிழமை, பதினாலு நாள், எங்கள் சூட்டறையில் இருக்கும்; பிறகு அவரே வந்து போத்தலில் அடைத்துக்கொண்டு போவார்.

இதில் ஒரு சட்டம் இருந்தது. ஈஸ்ட்டை வாடிக்கையாளர்தான் தன் கையால் போடவேண்டும். நாங்கள் போட்டால் அது நாங்கள் காய்ச்சிய பியர். கடை பியர்த் தொழிற்சாலையாகிவிடும், ஆயிரம் அனுமதிப்பத்திரம் வேண்டும். அவர் போட்டால் அது வீட்டுப் பியர். தாலியை ஐயர் எடுத்துக் கொடுக்கலாம், கட்டுவது மாப்பிள்ளைதான் என்பது மாதிரி. இதை நான் தமிழ் வாடிக்கையாளருக்கு இப்படித்தான் விளங்கப்படுத்துவேன், ஒருவரும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

முதலாளி டோரீன். நியூஃபவுண்ட்லாந்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் பிறந்து, ரொறன்ரோவில் ஆஸ்பத்திரி ஒன்றின் சத்திரசிகிச்சை அறைகளைக் கழுவி, அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடை போட்டவர். குட்டையான, அகலமான மனுஷி. கடைக்குள் எப்போதும் தலைக்கு வலை. அவருடைய பேச்சு ஆங்கிலம்தான் என்றாலும் அது எனக்கு எங்கள் ஊர்ச் சந்தைப் பேச்சாகவே ஞாபகம் இருக்கிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன். எழுதக்கூடியதை மட்டும். எல்லாவற்றையும் எழுதினால் என் மனைவி இந்தக் கட்டுரையை இரண்டாவது பக்கத்தோடு மூடிவிடுவாள்.

டோரீன் ஒரு பியரைப் பார்க்கிற விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிளாஸைச் சுற்றி ஒருமுறை நடப்பார். பிறகு குனிந்து மணப்பார். கண்ணை மூடி மறுபடியும் மணப்பார். அதற்குப் பிறகு கிளாஸை விட்டுவிட்டு அதைக் கொண்டுவந்த ஆளை மணப்பார். பகிடி இல்லை, உண்மையாகவே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கையைப் பிடித்து மோந்து பார்த்து, "நீ மத்தியானம் கருவாடு சாப்பிட்டிருக்கிறாய், போய்த் திரும்பக் கழுவு," என்றார். அது கருவாடு இல்லை, மாசி மீன் சம்பல். ஆனால் கழுவினேன்.

வீட்டில் காய்ச்சுகிறவர்களுக்குச் சாமானும் விற்றோம். அதனால் ரெலிபோன் ஓய்வதில்லை. எடுத்தவுடன் எல்லோரும் முடிவைத்தான் சொல்வார்கள்: மணக்குது, கலங்குது, வெடிச்சுது, ஏறுதில்லை. உடனே பதில் சொல்ல டோரீன் விடமாட்டார். "அதுக்கு முதல் என்ன செய்தனி?" என்று கேட்கவேண்டும். அவர்கள் ஒன்றைச் சொல்வார்கள். "அதுக்கு முதல்?" என்று மறுபடியும் கேட்கவேண்டும். இப்படியே கிளாஸிலிருந்து போத்தலுக்கு, போத்தலிலிருந்து வாளிக்கு, வாளியிலிருந்து பானைக்கு என்று பின்னோக்கி நடக்கவேண்டும். எங்கேயோ ஓர் இடத்தில் ஆள் கொஞ்சம் தடுமாறுவார். பிழை அங்கேதான் இருக்கும்.

ஒருவர் வாளி கூழ்முட்டை மாதிரி நாறுகிறது என்று எடுத்தார். அதற்குள் பிளம்பரைக் கூப்பிட்டு வீட்டுக் குழாயெல்லாம் கழற்றிப் பார்த்துவிட்டார். சில ஈஸ்ட் அப்படித்தான் நாறும், பொறுத்தால் போய்விடும். இன்னொருவர் ரெசிப்பியில் முன்னேற்றம் செய்கிறேன் என்று மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்தார். டோரீன் அதை முழுக்கக் குடித்துவிட்டு, சளித் தடிமனுக்கு நல்லதா என்று என்னிடம் கேட்டார். மூன்றாமவர் எங்கள் ஆள், பியர் "ஏறுதில்லை" என்பதால் போத்தலில் அடைக்கும்போது சீனியை இரட்டிப்பாகப் போட்டு, போத்தல்களை மனைவியின் அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். கடைசியில் போடுகிற சீனி குடிவெறிக்கு இல்லை, நுரைக்கு. போத்தல் வெடித்தது. கூறைச்சேலை நனைந்தது. அவர் என்னைக் கேட்டது பியரைப் பற்றி இல்லை, பட்டில் பியர்க் கறை எப்படிப் போகும் என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் சிவபாதம் அண்ணை வந்தார்.

கதவு செய்கிற தொழிற்சாலையில் வேலை. ஒரே மகள். மகளுக்கு ஐப்பசியில் கலியாணம் பேசி முடித்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்காரர் பெரிய இடம். சம்பந்தி இராஜரத்தினம் கணக்குப் பார்க்கிற எக்கவுண்டன், றிச்மண்ட் ஹில்லில் வீடு, ஊரில் கோயில் நடத்திய பரம்பரை. கலியாண ஒழுங்கு பேசுகிற நேரத்தில் சம்பந்தி சொன்னாராம், "குடிவகையெல்லாம் நாங்கள் பாத்துக்கொள்ளுறம், உங்களுக்கு உதில பழக்கம் இருக்காது." சொன்னவர் நல்லெண்ணத்தில் சொன்னாரோ தெரியாது. சிவபாதம் அண்ணைக்கு அது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

"தம்பி பாலன், என்ர பிள்ளையின்ர வரவேற்பில என்ர பியர்தான் ஓடவேணும்," என்றார். "அந்த மனுசன் ஒரு வாய் குடிச்சிட்டு, 'ஆர் சம்பந்தி இது செய்தது?' எண்டு கேக்கவேணும். அது காணும் எனக்கு."

சட்டப்படி அதற்குத் தடையில்லை. குடும்பக் கொண்டாட்டத்தில் வீட்டுப் பியர் கொடுக்கலாம். ஆவணி வெயிலில் ஒரு சனிக்கிழமை காலை வந்து, வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகப் பானைக்கு முன்னால் நின்று காய்ச்சினார். இரண்டு கிழமை கழித்துத் திறந்தோம். வாளியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்துக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் குடித்துவிட்டு டோரீனைப் பார்த்தேன். புளியென்றால் புளி, காது அடைக்கிற புளி.

டோரீன் மன்னிப்புக் கேட்டு, இலவசமாகத் திரும்பக் காய்ச்சித் தருகிறேன் என்று சொல்லி, அந்த வாளியைக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றச் சொன்னார். நான் ஊற்றினேன். சிவபாதம் அண்ணை பக்கத்தில் நின்று கடைசித் துளி போகும்வரை பார்த்தார். எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அவர் முகத்தை அன்று பார்த்தவர்கள் ஊற்றியது பியர் என்று நம்பமாட்டார்கள்.

அந்தக் கிழமை டோரீன் கடையைத் தலைகீழாக்கினார். குழாய்கள் எல்லாம் புதிது. பானைகளின் பின்புறத்தைக்கூடத் தேய்த்தோம். ஆறவைக்கிற இயந்திரத்தைக் கழற்றி ஒவ்வொரு தகட்டையும் கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டாவது தரமும் அண்ணை சனிக்கிழமை காலை வந்தார், காய்ச்சினார், போனார். இரண்டு கிழமை கழித்துத் திறந்தால் அதே புளி. அதே காலையில், அதே பானையில், அவருக்குப் பிறகு காய்ச்சிய இத்தாலியர் ஒருவரின் பியர் தேன் மாதிரி இருந்தது. இத்தாலியர் அதைச் சொல்லிச் சொல்லிக் குடித்தது அண்ணைக்கு இன்னும் எரிச்சல்.

இந்த முறை அவர் கானுக்குள் ஊற்ற விடவில்லை. "என்ர பிள்ளையின்ர பேரில காய்ச்சினது. ஒருக்கா ஊத்தினது காணும். நான் கொண்டுபோறன்," என்று போத்தலில் அடைத்து, பெட்டி பெட்டியாகத் தன் வான் வண்டிக்குள் ஏற்றினார். மனைவி தவமணி அக்கா அந்தப் பெட்டிகளை வீட்டுக்குள் எடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டார். ஆகவே அவை வானுக்குள்ளேயே இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கலியாணத்துக்கு மூன்று கிழமை இருந்தது. இன்னொரு முறை காய்ச்சினால் மட்டுமட்டாக வந்து சேரும். அதுவும் புளித்தால், அண்ணை சம்பந்தியிடம் போய், "நீங்களே குடிவகையைப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லவேண்டும். அதைவிட அந்த மனுசன் கதவுத் தொழிற்சாலை இயந்திரத்துக்குள் தலையைக் கொடுப்பார் என்று எனக்குத் தெரியும்.

டோரீன் என்னைக் கடையின் கந்தோர் அறைக்குள் இருத்தி, என்னை ரெலிபோனில் எடுத்த வாடிக்கையாளராக்கி, விசாரணையைத் தொடங்கினார்.

"கிளாஸுக்கு முதல்?"

"போத்தல்."

"அதுக்கு முதல்?"

"வாளி, சூட்டறை."

"அதுக்கு முதல்?"

"அவர் ஈஸ்ட் போட்டவர்."

"நீ கண்டனியோ?"

நான் காணவில்லை. ஒருவருமே காணவில்லை. ஏனென்றால் டோரீன் போட்ட விதியே அதுதான். ஈஸ்ட் போடுவதற்கென்று கடையின் மூலையில் ஒரு பலகைத் தடுப்பு. வாளியையும் ஈஸ்ட் தூள் பைக்கற்றையும் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்பிப் பாராமல் வந்துவிடவேண்டும். எந்த இன்ஸ்பெக்டர் வந்தாலும் நாங்கள் தொட்டோம் என்று சொல்ல இடமிருக்கக் கூடாது. சிவபாதம் அண்ணை அந்தத் தடுப்புக்குப் பின்னால் நெடுநேரம் இருந்தது எனக்குத் தெரியும். சனிக்கிழமை அமளிக்குள் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வீட்டில் கலியாண வேலை, மனுசன் கொஞ்சம் நிம்மதியாகப் பேப்பர் வாசிக்கிறார் என்று நினைத்தேன்.

அன்று பின்னேரமே அண்ணை வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி வந்தது. கேட்டேன்.

"அண்ணை, நான் பைக்கற்றைத் தந்தாப் பிறகு என்ன செய்தனீங்கள்?"

"ஈஸ்ட் போட்டனான்."

"உடனையோ?"

"நேரம் பாத்துத்தான்."

"என்ன நேரம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீர் சைவமோ, சேர்ச்சுக்குப் போற வேதமோ? சனிக்கிழமை காலமை ராகுகாலம் எல்லோ? நல்ல காரியத்துக்குக் காய்ச்சிற பியருக்கு ராகுகாலத்திலயோ ஈஸ்ட் போடுறது?"

சுவரில் இரண்டு கலண்டர்கள் தொங்கின. ஒன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மற்றது இங்கே ஒரு நகைக்கடை அச்சடித்தது, ரொறன்ரோச் சூரியனுக்குக் கணக்குப் பார்த்தது. இரண்டிலும் ராகுகாலம் வேறு வேறு நேரம். ஊர் ராகு நடுக்கட்டத்தில் நிற்கும்போதே கனடா ராகு தொடங்கிவிடுவார். ராகு எங்களோடு குடிபெயர்ந்து வந்தாரா, அல்லது இங்கே ஏற்கனவே வேறொருவர் இருந்தாரா என்று அண்ணைக்கு நிச்சயமில்லை. எதற்கும் பாதுகாப்பு என்று இரண்டு பேரும் போகும்வரை காத்திருந்திருக்கிறார். வெக்கையாக இருந்ததாம். வாளி மூடியைத் திறந்துவைத்து, பேப்பரால் தனக்கும் பியருக்கும் சேர்த்து விசிறினாராம்.

"மூடியைத் திறந்து வைச்சோ?" என்றேன்.

"ஈஸ்ட் கரைக்கிறதுக்குக் கஷாயம் கொஞ்சம் எடுக்கவேணும் எல்லோ? முதலே செம்பால அள்ளி எடுத்து வைச்சிட்டன்."

"என்ன செம்பு?"

"வீட்டுச் செம்பு. மங்கள காரியம், கடைக் கோப்பையிலயோ கரைக்கிறது?"

தவமணி அக்கா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ர தயிர்ச் செம்பையோ கொண்டுபோனனீங்கள்? நான் அதைக் காணேல்லை எண்டு தேடாத இடமில்லை!"

அக்கா அந்தச் செம்பில்தான் வருடக்கணக்காகத் தயிர் உறைய வைக்கிறவர். எத்தனை கழுவினாலும் அதன் விளிம்பு மடிப்புக்குள் நேற்றைய தயிர் கொஞ்சம் குடியிருக்கும். அதனால்தான் அக்காவின் தயிர் அப்படி உறைகிறது. அந்தச் செம்பை வெதுவெதுப்பான கஷாயத்துக்குள் தோய்த்துவிட்டு, ஈஸ்ட் வந்து காவலுக்கு நிற்க முதல், இரண்டு நாட்டு ராகுவும் போகும்வரை திறந்து வைத்திருந்தால் அது என்னவாகும்? தயிர்தான் ஆகும். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் தேத்தண்ணியோடு விழுங்கினேன்.

அடுத்த நாள் டோரீனிடம் சொன்னேன். அவர் தலை வலையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு கேட்டார், "இந்த ராகு எண்டவர், அவருக்கு எத்தினை மணிக்கு வேலை முடியும்?"

மூன்றாவது தரம் காய்ச்ச வேறு நேரம் கொடுக்கலாம் என்று தேடினோம். அண்ணைக்குக் கிழமை நாளில் வேலை, விடுப்பெல்லாம் கலியாணத்துக்கு எடுத்தாகிவிட்டது. எங்களுக்கோ மற்ற நேரமெல்லாம் நிரம்பிவிட்டது. மிஞ்சியது அதே சனிக்கிழமை காலைதான். அண்ணை வந்தார். செம்பு இல்லாமல் வந்தார், அதற்கு நான் காலில் விழாத குறை. அக்காவும் வந்தார். காய்ச்சினோம். ஆறவைத்து வாளியில் விட்டோம். இந்த முறை நானும் டோரீனும் தடுப்புக்கு உள்ளேயே நின்றோம்.

"போடுங்கோ அண்ணை."

அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார். பைக்கற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"தம்பி, கொஞ்சம் பொறும். என்ர பிள்ளையின்ர கலியாணம்."

"பொறுத்தால் தயிர்தான் வரும்."

"எனக்குக் கை வருதில்லை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பறித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது. ஆனால் போடக்கூடாது, சட்டம். உலகத்திலேயே அந்தப் பைக்கற்றைப் போட உரிமையுள்ள ஒரே கை ராகுவுக்குப் பயந்து வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தது. டோரீன் அண்ணையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்துத் தன் ஊர்ப் பாஷையில் ஏதோ சொன்னார். வாளி மூடாமல் கிடந்தது.

தவமணி அக்கா கைப்பையை என்னிடம் தந்தார். "பிள்ளை கட்டுறது ராகுவையோ, அந்தப் பெடியனையோ?" என்று கேட்டு, அண்ணையின் கையிலிருந்த பைக்கற்றை வாங்கி, பல்லால் கிழித்து, கொட்டினார். டோரீன் உடனே அண்ணையின் கடைப் படிவத்தில் அக்காவின் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டார். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தார். பல்லால் கிழித்ததைப் பற்றி டோரீன் ஒன்றும் சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய மரியாதையை அவர் யாருக்கும் செய்ததில்லை.

இரண்டு கிழமை கழித்துத் திறந்தோம். பொன்னிறம், தெளிவு, நல்ல நுரை. டோரீன் சுற்றி நடந்தார், மணந்தார், குடித்தார். கிளாஸைக் கீழே வைக்கவில்லை. அண்ணை குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது," என்றார். ஆனால் முகத்தில் சந்தோசம் இல்லை. ராகுகாலத்துப் பியர் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

கலியாண வரவேற்பு ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். வெளியே குளிர் பிடித்துவிட்டது. டோரீன் ஊதா நிறத்தில் ஒரு கவுன் போட்டு, தலை வலை இல்லாமல் வந்திருந்தார்; எனக்கு முதலில் ஆளைத் தெரியவில்லை. பியர் மேசை வாசலுக்குப் பக்கத்தில். அதுதான் பிழை. மாப்பிள்ளையின் கூட்டாளிமார் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். பொம்பிளையும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் வந்து, படம் எடுத்து, பேச்சுகள் முடிந்து, அண்ணை கடைசியாக மேசைக்கு வந்து பார்த்தபோது வெறும் போத்தல்கள் மட்டும் வரிசையாக நின்றன. பெடியள் நல்ல பியர் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்கள்.

அங்கே முன்வரிசை மேசையில் சம்பந்தி இராஜரத்தினமும் அவருடைய ஆட்களும் வெறும் கிளாஸோடு இருந்தார்கள். "எங்கை சம்பந்தி, உங்கட பியர்?" என்று அவர் சத்தமாகக் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

அண்ணை என் கோட்டைப் பிடித்தார். "தம்பி, முடிஞ்சுது. வானுக்குள்ள மற்றதுதான் கிடக்குது."

"வேண்டாம் அண்ணை. சோடா குடுங்கோ. இல்லை எண்டு சொல்லுங்கோ."

"இல்லை எண்டு சொல்லவோ? நானோ? அவருக்கோ?"

என்ன நடக்கிறது என்று டோரீன் கேட்டார். சொன்னேன். அவர் அண்ணையை நேராகப் பார்த்து, கடையில் ரெலிபோனில் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "போத்தலோட வைக்காதை, கிளாஸில ஊத்து. நீ வேணுமெண்டு செய்தது மாதிரிக் கொண்டுபோ. ஆள் குடிக்க முதல் ஒருநாளும் மன்னிப்புக் கேக்கக்கூடாது."

வானுக்குள் கிடந்து பெட்டி பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. கிளாஸில் ஊற்றினோம். அண்ணை தட்டைத் தானே தூக்கினார். நான் பின்னால் போனேன், ஓடவேண்டி வந்தால் அவரைப் பிடித்துக்கொண்டு ஓட. சம்பந்தி ஒரு மிடறு குடித்தார். நின்றார். கண்ணைச் சுருக்கினார். இன்னொரு மிடறு குடித்தார். அந்த மேசையே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெரிய மனுசனின் முகம் விரிந்தது. தொடையில் தட்டினார்.

"சம்பந்தி! இது... பனங்கள்ளெல்லோ! மத்தியானக் கள்ளு, அந்தப் புளிப்பு, அப்பிடியே! ஆர் இது செய்தது?"

மேசையில் இருந்த மற்றக் கிழடுகளும் குடித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஓம், ஓம், அதேதான். இன்னும் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குள் சம்பந்தியம்மா மெதுவாகத் திரும்பினார்.

"கள்ளின்ர ருசி உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

கோயில் பரம்பரை கிளாஸைப் பார்த்தது. "கணக்கு ரியூசனுக்குப் போற வழியில..." என்று தொடங்கி நிறுத்தியது.

"அதுதான் மூண்டு வருசமும் கணக்கு ரியூசனுக்குப் போனனீங்களாக்கும்," என்றார் அம்மா.

மேசை வெடித்துச் சிரித்தது. சம்பந்தியும் சிரித்தார். எழும்பிச் சிவபாதம் அண்ணையைக் கட்டிப்பிடித்தார். வானிலிருந்த பெட்டி ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக முடிந்தது.

பிறகு அண்ணை என்னைத் தேடி வந்தார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவருடைய சந்தோசம் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பாத்தீரே தம்பி? ராகுகாலத்தில போட்டதைப் பெடியள் வாசலிலயே குடிச்சுக் கழிச்சுப்போட்டாங்கள். நேரம் பாத்துப் போட்டதுதான் சம்பந்தி மேசைக்கு வந்தது. நீங்கள் ரெண்டுபேரும் நம்பேல்லை."

அண்ணை என்ன சொல்கிறார் என்று டோரீன் கேட்டார். மொழிபெயர்த்தேன். ஏழெட்டு வருடம் அவரோடு வேலை செய்திருக்கிறேன், "அதுக்கு முதல் என்ன செய்தனி?" என்ற கேள்வி அவரிடம் இல்லாமற்போனதை அன்றுதான் கண்டேன். திங்கட்கிழமை கடைக்குப் போனால், முன்பதிவுக் கொப்பிக்கு மேலே அந்த நகைக்கடைக் கலண்டர் தொங்கியது. எங்கே வாங்கினாரோ தெரியாது. அதற்குப் பிறகு தமிழர் யார் எடுத்தாலும் டோரீன் முதலில் கலண்டரைப் பார்த்துத்தான் நேரம் கொடுப்பார். புளித்த பியர் பிறகு வரவில்லை.

தாடிக்காரர் என் காதில் சொன்னது என்ன என்று இப்போது விளங்கியிருக்கும். ஆறின கஷாயத்துக்குள் கொஞ்சம் தயிர் கலந்து, ஈஸ்ட் போடாமல், வெதுவெதுப்பாக வைத்திருப்பார்களாம். அது தங்களுடைய இரகசியமாம்.

சிவபாதம் அண்ணை இப்போது ரூஜ் பக்கம் மகளோடு இருக்கிறார். போனில் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தயிர் போட்டு, புளிக்க வைத்து, கடை போட்டு, சனம் வரிசையில் நின்று வாங்குகிறது என்று சொன்னேன். பெருமைப்படுவார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் சரி தம்பி," என்றார். "உவங்கள் நேரம் பாத்தோ போடுறாங்கள்?"